பதினோரு மெஷினும் ஒரு வெள்ளை வேட்டியும்

என் தங்கை பாஞ்சாலியை ஜெகதீசனுக்குக் கட்டிக் கொடுத்தவன் நான். அதனால் அந்த வீட்டில் என்ன கூத்து நடந்தாலும் கடைசியில் பஞ்சாயத்துக்குத் திண்டிவனத்திலிருந்து நான்தான் பஸ் ஏற வேண்டும். விழுப்புரத்திலிருந்து கோலியனூர் போகிற சாலையில் ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிற ஜெகதீசன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார்கள். வாஷிங் மெஷின் ஜெகதீசன் என்று கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

மாப்பிள்ளையிடம் குடி கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பழைய வாஷிங் மெஷின் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் அவர் அவராக இருக்க மாட்டார். அவ்வளவுதான் குறை. ஆனால் அந்த ஒரு குறை இருபது குறைக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

கல்யாண மண்டபத்து நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை மாட்டுகிற நாகரிகம் எங்கள் பக்கம் வந்தபோது இது தொடங்கியது. பந்திக்குப் போய்வந்த ஜனம் சாம்பார்க் கையை நாற்காலி உறையில்தான் துடைக்கும். ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு உறை. கையால் துவைக்க ஆள் கிடைக்காமல் தவித்த ஜெகதீசன், ரயில்வே காலனியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு ரயில் கார்டிடமிருந்து பழைய இரட்டைத் தொட்டி மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு தொட்டியில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். ஓடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இவர் பெல்ட்டை மாற்றிப் போட்டார், ஓடிவிட்டது. ஓடாமலே போயிருந்தால் என் தங்கை நிம்மதியாக இருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்துவிட்டன. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் வீட்டிலிருந்து வந்த மெஷினில் எழுதியிருப்பது என்னவென்று இந்த ஜில்லாவில் ஒருவருக்கும் தெரியாது. எந்தக் குமிழை எத்தனை தடவை திருகினால் என்ன நடக்கும் என்று இவருக்கு மட்டும் மனப்பாடம். அதற்கு 'பாண்டி' என்று பெயர். துணியை இரண்டு ரப்பர் உருளைக்கு நடுவே விட்டுக் கையால் சுற்றிப் பிழிகிற ஒன்று வளவனூர் டாக்டரம்மா வீட்டிலிருந்து வந்தது. அது 'டாக்டரம்மா'. ரயில்வே காலனியில் வாங்கிய முதல் மெஷின் 'கார்டு'. இப்படிப் பதினொன்று. எல்லாமே ஓடுகின்றன என்பதுதான் கொடுமை. ஓடாவிட்டால் காயலாங்கடைக்குத் தூக்கிப் போட ஒரு காரணமாவது கிடைக்கும்.

தெருப் பெண்கள் கம்பளி, ஜமக்காளம், திரைச்சீலை என்று கொண்டு வருவார்கள். காசு வாங்க மாட்டார். பதிலுக்கு அவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். "கேளுக்கா, கேளு. இப்ப தண்ணி உறிஞ்சுது பாரு. இப்ப யோசிக்கிது. இதோ சுத்தப் போவுது!" என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண்களும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கம்பளி துவைக்க ஒரு மணி நேரம் பிரசங்கம்.

பதினோராவதாக வந்தது துணி காயவைக்கிற மெஷின். ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. வெயில் என்றால் என்னவென்று தெரியாத தேசத்தில் செய்தது போலிருக்கிறது. விழுப்புரத்தில், கொடியில் போட்ட துணி திரும்பி வருவதற்குள் அப்பளமாகிவிடுகிற ஊரில், கரண்ட் செலவழித்துத் துணி காயவைக்கக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவர் வீட்டில் காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகத்தான் இருந்தது, கலைமதிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வரைக்கும்.

கலைமதி அவர்களுடைய ஒரே மகள். விழுப்புரத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். அப்பாவின் நிறம், அம்மாவின் ஜாடை. முதலில் பார்க்க வந்தவர்கள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அப்பா காயலாங்கடை வச்சிக்கினு இருக்காரா?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, போனும் பண்ணவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்த வீட்டில் சாப்பாடு சாப்பிட மாட்டார்கள். பலகாரமும் காபியும் அதோடு சரி. சம்மதம் என்றால் மட்டும்தான் இலை போடச் சொல்லிக் கை நனைப்பார்கள். பாஞ்சாலி இரண்டு தடவையும் நம்பிக்கையோடு வடை பாயசத்துடன் சமைத்து வைத்து, இரண்டு தடவையும் அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை பாயசத்தைக் கொடுத்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்து அழுதாள்.

அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டாள். "இன்னொரு எடமும் இதால தட்டிப் போச்சின்னா ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. பதினொண்ணும் காயலாங்கடைக்குத்தான்."

ஜெகதீசனிடமிருந்து "சரி" என்று ஒரே வார்த்தை. பிறகு கொல்லைக்குப் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

மூன்றாவது இடம் நான் கொண்டு வந்தது. திண்டிவனத்தில் என் ஹார்டுவேர் கடைக்கு நாலு கடை தள்ளி மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், வைத்திருக்கிற வெங்கடாசலம். செம்மண் புழுதி பறக்கிற மண்டியில் அந்த மனிதர் வேட்டியில் மட்டும் ஒரு பொட்டு அழுக்கு பார்க்க முடியாது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாற்றுவார். மகன் பிரவீன்குமார் சர்வேயர். பெரியவர்கள் அனுமதியோடு பையனும் பெண்ணும் இரண்டு மூன்று தடவை போனில் பேசினார்கள். அதன் பிறகு கலைமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இது அமையணும் மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பெண் அது.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின வாரம் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. காப்புக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் மஞ்சள் நனைத்த துணிதான் உடுத்த வேண்டும். வீட்டுக்கு வீடு அண்டாவில் மஞ்சள் கரைத்துத் துணியை முக்கி, நிழலில் காயவைப்பார்கள். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துப் போகும். இந்த வருஷம் மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் விடுவாரா? தெருவில் உள்ள அத்தனை வேட்டியையும் புடவையையும் வாங்கிக் 'கார்டு' தொட்டியில் மஞ்சள் தண்ணீர் விட்டுச் சுற்றினார். ஆரோவில் மெஷினில் காயவைத்தார். ஒரே சீராக, எலுமிச்சம்பழம் மாதிரி வந்தது. இந்த வருஷம் பூக்குழியில் இறங்கியவர்களைப் பார்த்து ஊரே அசந்துபோனது. நான்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

பெண் பார்க்கிற நாள் காலையிலேயே நான் போய்விட்டேன். நானும் பாஞ்சாலியும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். பத்து மெஷினையும் சுவரோரம் தள்ளி, ஒயரெல்லாம் பிடுங்கிச் சுருட்டி, அதற்கு முன்னால் கல்யாண மேடைக்குப் பின்னால் கட்டுகிற பெரிய ரோஜா நிறத் துணியை இழுத்துக் கட்டினோம். குழாயோடு பொருத்தியிருந்த 'கார்டு' மட்டும் நகரவில்லை. அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினோம். ஜெகதீசன், "மறைக்கிறது இன்னாத்துக்கு மச்சான்? திருட்டு சாமானா?" என்று முனகினார். "மாப்ளே, இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத இருங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்றேன். மெஷின் என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்று பாஞ்சாலி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வெங்கடாசலம், அவர் மனைவி ருக்கு, பையன், மூன்று பேரும் பதினோரு மணி சுமாருக்கு வந்தார்கள். வெங்கடாசலத்தின் வேட்டி கண்ணைப் பறித்தது. கேசரி, பஜ்ஜி ஆயிற்று. கலைமதி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான், அவளும் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் மூச்சு விடுவதற்குள் வெங்கடாசலம் டம்ளரைத் தூக்கினார், சூடு தாங்காமல் கை நழுவி அத்தனை காபியும் மடியில் கொட்டிவிட்டது.

சுட்டதைப் பற்றி மனிதர் கவலைப்படவே இல்லை. வேட்டியைப் பார்த்துத்தான் பதறினார். "அய்யய்யோ, கறை! இப்பிடியேவா திண்டிவனம் போறது?"

ஜெகதீசனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பாஞ்சாலியும் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் எழுந்தே விட்டார். "பத்தே நிமிசம்ங்க. ஜல்தியா அலசிக் குடுத்துடறேன். கறை இருந்த எடமே தெரியாது."

வெங்கடாசலம் நல்ல உயரம், ஜெகதீசன் குள்ளம். அவருடைய கைலியைக் கட்டிக்கொண்டதும் மண்டிக்காரருக்கு அது கெண்டைக்காலுக்கு மேலே நின்றது. கொல்லையில் 'கார்டு' குர்குர் என்று சுற்றத் தொடங்கியது. சத்தம் நின்றது. ஆள் வரவில்லை. நான் எழுந்து போனேன்.

ஜெகதீசன் கையில் வேட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி முழுக்க ஆரத்தித் தண்ணீர் நிறம்.

"மச்சான்," என்றார் சன்னமாக. "தீமிதிக்கப்புறம் தொட்டிய மூணு தபா கழுவினேன் மச்சான். அடியில டியூப்ல மஞ்சத் தண்ணி தங்கிக்கினு இருந்திருக்குது. சோப்புத்தூள் பட்டதும் செவந்து போச்சி."

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். சோப்புத்தூளும் அதே வேலையைச் செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் அவசர அவசரமாக நல்ல தண்ணீரில் அலசினார். சிவப்பு போய்விட்டது. பளீரென்று மஞ்சள் நின்றது. அதற்குள் பாஞ்சாலி வந்துவிட்டாள்.

"யோவ்! அந்த மனுசன தீ மெதிக்க அனுப்பப் போறியா?"

"வெயில்ல புடிச்சா வெளுத்துடும் பாஞ்சாலி. ஈரத்தோட புடிச்சா ஜல்தியா வெளுக்கும்."

கொல்லை முழுக்க மெஷின்களுக்காக அவர் போட்டிருந்த ஷாமியானாவின் நிழல். வெயில் இருந்தது வாசலில் மட்டும்தான். கொடியும் இல்லை, தரையில் போட்டால் புழுதி. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உச்சி வெயிலில் நின்றார்கள். காயக் காயத் தண்ணீர் தெளிப்பதும், திருப்பிப் பிடிப்பதுமாக. பாஞ்சாலி நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கே தெரியாத வார்த்தையெல்லாம் அதில் இருந்தது.

உள்ளே வெங்கடாசலம் கைலியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மல்லாட்டை விலையைப் பற்றி நான் கேட்ட நாலு கேள்விக்கும் "ம்" என்றார். பிறகு கை கழுவுகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் காற்றில் விலகியிருந்த ரோஜாத் துணியை அவர் ஒரு கையால் ஒதுக்கிவிட்டிருந்தார். பத்து மெஷினும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"இன்னா சீனுவாசா இதெல்லாம்?" என்று என்னைக் கேட்டார்.

ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து கலைமதியின் குரல் வந்தது.

"எங்கப்பாவோடதுங்க. எல்லாம் பழசு, எல்லாமே ஓடும். நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு மறைச்சி வச்சிட்டோம். அப்பா மறைக்க வேணாம்னுதான் சொன்னாரு."

வெங்கடாசலம் ஒரு "ஹூம்" போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது இடமும் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சமயத்தில் ஒரு கடப்பாரை கிடைத்திருந்தால் பதினொன்றையும் நானே உடைத்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ருக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அதிகம் பேசாத அம்மாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"எம்மாம் நேரமா நிக்கிறாங்க ரெண்டு பேரும்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்மா. தப்பா நெனச்சிக்காதீங்க..."

"உங்க தங்கச்சி வாய் ஓயவே இல்லியே."

எனக்கு மானம் போயிற்று. "கொஞ்சம் கோவக்காரிம்மா. மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டா."

"அதான் பாத்துக்கினே இருக்கேன்," என்றார் ருக்கு. "திட்டிக்கினே இருக்காங்க, புடிச்ச முனைய மட்டும் வுடல. நடுவுல அந்தாளு தலை காயுதுன்னு துண்ட நனைச்சி அவரு தலைல போட்டாங்க. போடும்போதும் திட்டிக்கினேதான் போட்டாங்க. அவரு துண்ட சரி பண்ணிக்கினு, 'நீ நெழல்ல போய் நில்லு'ங்கறாரு. இவங்க போவல." புருஷன் பக்கம் லேசாகத் திரும்பினார். "எங்க வூட்ல ஒரு கோவம்னா இவரு மூணு நாளைக்கு மூஞ்ச திருப்பிக்கினு போவாரு. நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். எம் புள்ளைக்காவது இந்த மாதிரி வூட்டுப் பொண்ணு வரட்டும்."

வெங்கடாசலம் தரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிரவீன்குமார் வேகமாகத் தலையாட்டியதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ருக்கு என்னிடம், "இலை போடச் சொல்லுங்க" என்றார்.

வாசல்படியில் நின்று பாஞ்சாலியை உள்ளே கூப்பிட்டேன். "இன்னும் வெளுக்கலண்ணே!" என்று அதட்டினாள். இழுக்காத குறையாகக் கூட்டி வந்து காதில் சொன்னேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணுமே ஆக்கலியேண்ணே! ரெண்டு தபா ஆக்கி வீணாப் போச்சேன்னு... நமக்கு மட்டுந்தான் ரசமும் மல்லாட்டைத் தொவையலும் வச்சேன்."

சமையலறை வாசலுக்கே வந்துவிட்ட ருக்கு, "அதயே போடுங்க சம்பந்தியம்மா. பசி உயிர் போவுது" என்றார். பாஞ்சாலி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கலைமதி அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தாள். நான் கொல்லைக்கு ஓடி வாழை இலை அறுத்து வந்தேன். அந்த அவசரத்தில் ஜெகதீசனிடம் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பாஞ்சாலி தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து, அவள் விட்டுப்போன முனையை வாசல் கேட்டில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்கு வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பந்தி பாதி நடக்கும்போது உள்ளே வந்தார். தலையில் ஈரத்துண்டு, முகமெல்லாம் வேர்வை. மடித்த வேட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தலை நிமிராமலே பேசினார்.

"எல்லாம் போயிடுச்சிங்க. இந்த ஒரு மூலையில மட்டும் லேசா மஞ்ச நிக்கிது. மன்னிச்சிக்கோங்க. அந்த மெஷினெல்லாம் நாளைக்கே தூக்கிடறேன். இந்த ஆளுக்காகப் பொண்ண வேணாம்னு சொல்லிடாதீங்க."

"மஞ்சதான, இருந்துட்டுப் போவட்டும். கல்யாணத்துக்கு இதயே கட்டிக்கிறேன்," என்றார் வெங்கடாசலம், வாயில் ரசம் சாதத்தோடு. "எதயும் தூக்க வேணாம். கண்ணாடிக் கதவு வச்ச பொட்டி ஒண்ணு அங்க பாத்தேன். சாப்ட்டுட்டு அத ஓட்டிக் காட்டுங்க. இப்ப உக்காருங்க சம்பந்தி, சோறு ஆறுது."

ஜெகதீசன் அப்போதுதான் நிமிர்ந்தார். இலைகளைப் பார்த்தார். சோற்றில் இருந்த வெங்கடாசலத்தின் கையைப் பார்த்தார். அப்பளத் தட்டோடு நின்றிருந்த மகளைப் பார்த்தார். மனிதருக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே, கையிலிருந்ததில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"யோவ், மூஞ்ச எடுய்யா!" என்று கத்தினாள் பாஞ்சாலி, அவளும் அழுதுகொண்டே. "அது அவரு வேட்டிய்யா!"